வடக்கு ஜன்னலுக்கு வந்தவன்

போன் அடித்தது.

சனிக்கிழமை மாலை ஐந்தேகால். ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி, வாசல் பூட்டில் சாவியைச் செருகிக்கொண்டிருந்தாள் ஹெலன்.

தெரியாத எண்.

"கேமரா விக்கிறதா போட்டிருந்தீங்களே... இருக்குதா?"

ஆண் குரல். பொறுமையான குரல்.

"இருக்குதுங்க."

"கூட மெமரி கார்டும் உண்டுன்னு எழுதியிருந்துச்சி..."

ஹெலனின் விரல்கள் சாவியிலேயே நின்றுவிட்டன.

நான்கு நாட்களில் பதினோரு பேர் பேசிவிட்டார்கள். எல்லாரும் முதலில் கேட்டது விலை. அடுத்தது, எவ்வளவு கம்மி பண்ணுவீங்க. கார்டைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அது மொபைல் கடையில் தொங்குகிற சாமான். வீடு வாங்க வருகிறவன் வாசல் மிதியடியை விசாரிப்பானா?

இவன் விசாரிக்கிறான்!

"உண்டுங்க. அவரு கடைசியா எடுத்த படமெல்லாம் அதுலயே இருக்குது. எனக்குத் தொறந்து பார்க்கவெல்லாம் தெரியாது" என்றாள்.

அவன் குரல் அவசரமானது.

"வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. நாளைக்குக் காலைல வர்றேன்."

"எந்த ஊருங்க நீங்க?"

"ஒடுகத்தூரு. சின்னதா ஸ்டுடியோ வெச்சிருக்கேன். ஆல்வின்னு பேரு."

வைத்துவிட்டான். விலையைக் கேட்கவேயில்லை.

அவன் பெயர் ஆல்வின் இல்லை. ஒடுகத்தூரில் அவனுக்கு ஸ்டுடியோவும் இல்லை. பேசி முடித்த கையோடு அவன் போனிலிருந்து சிம்மை உருவி, செருப்புக் காலால் தேய்த்து, சாக்கடையில் தள்ளினான்.

அது ஹெலனுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது.

நான்கு மாதமாக அவள் தேடிய ஆள், தானாகவே வீட்டுக்கு வருகிறான்.

• • •

ஜான்சன் கல்யாண போட்டோகிராபர்.

ஆம்பூரில் அவன் கேமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டாத குடும்பம் கம்மி. மேடையில் மாப்பிள்ளை விறைத்துக்கொண்டு நின்றால், ஜான்சன் ஒரே வாக்கியம்தான் சொல்வான்.

"சார்... கேமராவைப் பாருங்க. கடிக்காது!"

மண்டபமே சிரிக்கும். அந்த நொடியில் க்ளிக்.

அப்படிப்பட்டவன், நவம்பர் மாதம் ஒரு மாலையில், பாலாற்றங்கரையில் மூடிக் கிடந்த ஒரு பழைய டேனரியின் தொட்டியில் மிதந்தான். ஒரு காலத்தில் தோல் ஊறவைத்த தொட்டி. மழைத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது. விளிம்பில் கேமராவோடு அவன் பை, ஒரு சொட்டு நனையாமல்.

படம் எடுக்க இடம் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து தவறி விழுந்துவிட்டான் என்று எழுதி முடித்தார்கள். கேமராவில் கார்டு போடும் இடம் காலி என்றும் ஒரு வரி எழுதினார்கள். ஏன் காலி என்று யாரும் கேட்கவில்லை.

ஹெலன் நம்பவில்லை. பன்னிரண்டு வருஷம் மணப்பெண்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்த மனுஷன் அவன். ஒரு பாயைக்கூட மிதித்தது கிடையாது.

சாமான்கள் திரும்பி வந்த அன்றைக்கு, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளே தைத்த பை அது. ஏழாவது கல்யாண நாளுக்காக, கம்பெனியில் மிஞ்சிய தோலைக் கேட்டு வாங்கி, பதினோரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தைத்தது.

அழுதுகொண்டே மேல் மூடியைத் திருப்பியவள் சட்டென்று நிறுத்தினாள்.

தோலின் உள்பக்கம், ஓரத்தில், நீல மார்க்கரில் ஒரு எண்.

3.

அந்த மூன்றின் கீழ் வயிற்றில் ஒரு புள்ளி.

அவள் தைத்தபோது அது இல்லை. அவன் செத்த அன்றைக்குக் காலையில் துடைத்துக் கொடுத்தபோதும் இல்லை!

ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது என்னவென்று தெரியாதா? தோலுக்குத் தரம் பிரிப்பவர்கள் போடும் எண். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று முதுகுப்பக்கம் எழுதுவார்கள். பின்னால் புகார் வந்தால் யார் பிரித்தது என்று தெரிய வேண்டுமே... அதற்காக ஆளுக்கொரு சின்னக் குறி சேர்த்துக்கொள்வார்கள்.

ஜான்சனின் பையை, அவன் செத்த இடத்தில், தோல் தரம் பிரிக்கிறவன் ஒருவன் கையில் எடுத்திருக்கிறான்!

அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. பாரதி மட்டும்தான் உட்காரச் சொன்னாள். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஊர்ல தோல் தரம் பிரிக்கிறவங்க எத்தினி பேருன்னு உனுக்கே தெரியும். ஒவ்வொருத்தனையா கூப்ட்டு மூணு எழுதுன்னா, நம்மாளு முதல்ல பஸ் ஏறிடுவான். அப்பிடியே மாட்டினாலும் குறி போட்டது குத்தமில்லையே, ஹெலன். கொன்னேன்னு அவன் வாயால வரணும்."

"வரவெச்சா?"

பாரதி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும், டீக்கடைச் சுவரிலும், சர்ச் நோட்டீஸ் போர்டிலும் அந்த விளம்பரம் வந்தது.

'விற்பனைக்கு. காலஞ்சென்ற ஜான்சனின் கேமரா, இரண்டு லென்ஸ், ஃப்ளாஷ், ட்ரைபாட், தோல் பை, படங்களுடன் மெமரி கார்டு. உள்ளூர்க்காரர்கள் நேரில் வந்து பார்க்கவும்.'

வந்தார்கள். ரீல்ஸ் எடுக்கும் காலேஜ் பையன்கள் இரண்டு பேர், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. சர்ச்சில் படம் எடுக்கும் துரைசாமி, லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஃபங்கஸ் தேடினார். ஏலகிரியில் ரிசார்ட் நடத்தும் ஒருவர், இதுவரை எத்தனை படம் எடுத்த கேமரா என்று நோண்டி நோண்டிக் கேட்டார். எல்லாரிடமும் ஹெலன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது கேமராவைப் பார்க்காத ஒருத்தன்.

• • •

ஞாயிறு, காலை பத்து மணி.

சர்ச் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பாதித் தெரு ஆராதனைக்குப் போய்விட்டது. மீதிப் பாதி கறிக்கடை வாசலில் நின்றது.

பக்கத்து வீட்டு பக்ருன்னிசா காலையிலேயே வந்து போயிருந்தாள். ஹெலன் அவளை ஆபா என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்த அக்காவைப் போலத்தான். இன்றைக்கு ஆபாவின் முகத்தில் ரத்தமில்லை.

"வேணாம்டி. எனுக்கு மனசே சரியில்ல. பேஜாரா இருக்குது."

"ஜன்னலை மட்டும் பாத்துக்கோ ஆபா. வேற ஒண்ணும் வேணாம்."

ஹெலனின் வீட்டு வடக்கு ஜன்னலும் பக்ருன்னிசாவின் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் நான்கடி சந்து. அந்த வடக்கு ஜன்னலின் விளிம்பில் ஃப்ளாஷ் பேட்டரியோடு நின்றது. எதிர் மூலையில் ட்ரைபாடில் கேமரா. மேசை மேல் தோல் பை.

கதவு தட்டப்பட்டது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. படிய வாரிய தலை. சிரிப்பு மட்டும் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

"ஆல்வின். நேத்து பேசினேனே..."

"வாங்க சார்."

உள்ளே வந்தான். கதவை அவனே சாத்தினான்.

ஹெலன் கையைச் சுடிதார் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"கேமரா அங்க இருக்குது சார். பாருங்க."

அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "நல்லாருக்குது" என்றான். ஒரு விநாடி... அவ்வளவுதான்.

பிறகு மேசைக்கு வந்தான். பையைத் திறந்தான். உள் அறைகளில் விரலை விட்டுத் துழாவினான். லென்ஸ், துடைக்கும் துணி, சார்ஜர். அவன் தேடியது இல்லை. அவன் நெற்றியில் முதல் வியர்வை பூத்தது.

"கார்டு இதுலயா இருக்குது?"

"எடுத்துத் தர்றேன் சார். முதல்ல பை எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க. நானே தெச்சது."

சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டாள்.

அவன் பையைத் தூக்கினான். வாசலை ஒட்டிய ஜன்னலில் கிழக்கு வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ட்யூப் லைட் எரிந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, யோசிக்காமல், நாலு எட்டு வைத்து வடக்கு ஜன்னலுக்குப் போனான். மூடியை மடித்தான். மடிப்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி ஓட்டினான். சுருக்கம் விழுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

ஹெலன் அந்தக் கட்டை விரலையே பார்த்தாள்.

நேர் வெயிலில் தோல் பொய் சொல்லும். வடக்கு வெளிச்சத்தில்தான் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் மறைக்காமல் தெரியும். அதனால்தான் ஆம்பூர் கம்பெனிகளில் தரம் பிரிக்கும் மேசையை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போடுவார்கள். இருபது வருஷம் அந்த மேசையில் நின்றவன் கால், எந்த வீட்டுக்குள் போனாலும் வடக்கைத் தேடிப் போகும்.

கேமரா வாங்க வந்த ஒருவனும் அந்த ஜன்னலுக்குப் போகவில்லை!

"நல்ல தையல்" என்றான் அவன்.

"ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க சார். பேரு, போன் நம்பர். பழைய சாமான் பாருங்க... நாளைக்கு யாராச்சும் திருட்டுப் பொருள்னு சொல்லிடக் கூடாதில்ல."

பேப்பரை நீட்டினாள். அவன் தயங்கினான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வேகமாக எழுதினான்.

ஆல்வின். ஒடுகத்தூர். பத்து இலக்க எண்.

பெயர் பொய். ஊர் பொய். எண்ணும் பொய். ஆனால் அந்த எண்ணில் 3 இரண்டு இடத்தில் வந்திருந்தது. இரண்டு இடத்திலும் கீழ் வயிற்றில் ஒரு புள்ளி.

கை மட்டும் பொய் சொல்லவில்லை.

ஹெலன் பேப்பரையே பார்த்தாள். பார்க்கக் கூடாத அளவுக்கு ஒரு விநாடி அதிகமாகப் பார்த்துவிட்டாள்.

அவன் கவனித்துவிட்டான்.

அளவெடுத்த சிரிப்பு மெல்லக் கழன்றது. அவன் திரும்பிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். இடுப்பிலிருந்து ஒன்றை உருவினான். தோல் ஓரம் வெட்டும் கத்தி. அகலமான, சின்ன, பளபளப்பான கத்தி.

"இன்னா பார்த்த?"

"ஒ... ஒண்ணுமில்ல சார்."

"நடிக்காத. இன்னா பார்த்த?"

ஹெலனுக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் நான்கு மாதக் கோபம் ஒன்று படுத்திருந்தது. அது எழுந்துகொண்டது.

"அந்தப் பை மூடியைத் திருப்பிப் பாருங்க."

அவன் கத்தியை விடாமல் இடது கையால் திருப்பினான். நீல மூன்று. புள்ளி.

அவன் முகம் வெளுத்தது. அவனுக்கே அது தெரிந்திருக்கவில்லை!

"நானா... எப்ப..."

"அவரு தண்ணியில கெடந்தப்போ."

அந்த மாலை அவன் கண்ணுக்குள் ஓடியது. தொட்டி விளிம்பில் குந்தியபடி பையையும் கேமராவையும் குடைந்த நிமிஷங்கள்... கார்டு கிடைக்கிற வரை துழாவிய விரல்கள்... மாசத்துக்கு ஆயிரக்கணக்கில் தோல் புரட்டுகிற கை, மூளையைக் கேட்காமலேயே மார்க்கரை எடுத்திருக்கிறது.

"கைப் பழக்கம்" என்று முணுமுணுத்தான்.

"என் புருஷன் உங்களை இன்னா பண்ணாரு?"

"கேட்டலாக்குக்குப் படம் எடுக்க குடோனுக்கு வந்தான். வந்தமா, படம் எடுத்தமா, போனமான்னு இல்ல. கழிச்சுப் போட்ட தோலு குமிஞ்சிருந்த எடத்தப் போய் கிட்டத்துல எடுத்தான். எடுத்துட்டு என்னாண்டயே வந்து கேக்கறான்... 'சார், எம் பொண்டாட்டி ஷூ கம்பெனியில இருக்குது, எனுக்குக் கொஞ்சம் தோலு தெரியும், இது முதல் தரமாச்சே, ஏன் மூணுன்னு போட்டிருக்குது'ன்னு."

ஹெலனுக்குப் புரிந்துவிட்டது. நல்ல தோலை மட்டம் என்று எழுதிக் கழித்து, பின் வாசல் வழியாகத் தள்ளி, நல்ல விலைக்கு விற்றிருக்கிறான். ஜான்சன் சூதுவாது இல்லாமல் கேட்டது அவன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது.

அவளுக்குக் கண் நிறைந்தது. தோலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தானே!

"அவருக்கு நீச்சல் தெரியும்."

"தெரியும்தான்." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கல்யாண ஜோடிங்கள நிக்கவெச்சு எடுக்க நல்ல எடம்னு சொல்லிக் கூப்ட்டுக்கினு போய்த் தள்ளினேன். நீந்திக்கினு வந்து ரெண்டு தபா விளிம்புல கை வெச்சான். நான் ரெண்டு தபாவும் எடுத்துவுட்டேன்."

ஹெலன் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பை முதல் தரம்" என்றாள், உடைந்த குரலில். "அதுக்குப் போய் மூணு போட்டிருக்கீங்க. என் புருஷனுக்கு நான் மூணாம் தரத்துலயா தெப்பேன்?"

நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கையில் கத்தியோடு நின்றவன், பையை மறுபடி வடக்கு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்.

"கழுத்துக் கிட்ட தழும்பு இருக்குது. மூணுதான்."

பையை எறிந்தான். கத்தி அவள் பக்கம் திரும்பியது.

"அவன் கார்டத்தான் அன்னைக்கே எடுத்து ஒடச்சேனே. இது இன்னா புதுக் கார்டு? எங்க இருக்குது?"

சுடிதார் பாக்கெட்டுக்குள் ஹெலனின் விரல் எதையோ அழுத்தியது. பிறகு அந்தக் கையை வெளியே எடுத்து, மூலையைக் காட்டினாள்.

"கேமராவுக்குள்ளயே இருக்குது."

அவன் முதல் முறையாகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றான். பக்கவாட்டு மூடியைத் தடவித் திறந்தான். கார்டை அழுத்தினான். துள்ளி வெளியே வந்தது. பல்லுக்கு நடுவில் வைத்து ஒடித்தான். இரண்டு துண்டையும் தரையில் போட்டுக் குதிகாலால் தேய்த்தான்.

"முடிஞ்சிச்சி" என்றான். "இனிமே நீ மட்டும்தான் பாக்கி."

ஹெலன் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். அவன் இரண்டே எட்டில் அவள் தோளைப் பிடித்தான். கத்தி உயர்ந்தது...

அவள் விளிம்பிலிருந்த ஃப்ளாஷை எடுத்துத் திரும்பி அவன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள்.

வெள்ளை வெடித்தது!

கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். எதிர் ஜன்னலில் அதற்காகவே காத்திருந்த பக்ருன்னிசா, "மேடம்!" என்று தன் வீட்டுக்குள் பார்த்துக் கூவினாள். அடுத்த எட்டாவது விநாடி பின்பக்கக் கதவு திறந்து எஸ்.ஐ. பாரதியும் இரண்டு கான்ஸ்டபிள்களும் உள்ளே இருந்தார்கள். முன்கதவுக்குத்தான் அவன் தாழ்ப்பாள் போட்டான். பின்கதவை ஹெலன் காலையிலேயே தாழ் நீக்கி வைத்திருந்தாள்.

கத்தி தரையில் விழுந்தது. கையில் விலங்கு ஏறியது. அவன் கண்ணைக் கசக்கிக் கசக்கி நிதானத்துக்கு வந்தான். அந்தச் சிரிப்பும் திரும்பி வந்தது.

"மேடம்... நான் ஜெயசீலன். தோல் கம்பெனியில தரம் பிரிக்கிற செலக்ஷன் மேஸ்திரி. கேமரா வாங்க வந்தேன். இந்தம்மா புருஷன் போன துக்கத்துல என்னென்னவோ உளறுது. பயந்துபோய்க் கத்திய எடுத்தேன், அது தப்புதான். வேற இன்னா சாட்சி வெச்சிருக்கீங்க? ஒரு மூணா?"

"கேமரா ஓடிக்கினு இருந்துச்சி, மேடம்" என்றாள் ஹெலன்.

பாக்கெட்டிலிருந்து சின்ன ரிமோட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இவரு கதவைச் சாத்தினதுலருந்து எல்லாம் வீடியோவுல பதிவாயிருக்குது. பேச்சும் சேர்த்து. கார்டைக் கேட்டப்பறம்தான் நிறுத்தினேன். சிவப்பு லைட்டு மேல ஒரு கறுப்பு டேப்பு ஒட்டியிருந்தேன். அதுக்கும் அவசியம் இருந்திருக்காது. மனுஷன் அந்தப் பக்கம் திரும்பவேயில்ல."

ஜெயசீலன் ஒரு கணம் அதிர்ந்தான். அடுத்த கணம் வாய்விட்டுச் சிரித்தான். தரையில் கிடந்த துண்டுகளைக் கால் விரலால் தள்ளினான்.

"இதுலயா பதிவாச்சு? ஒட்டவெச்சுப் பாருங்க."

பாரதி ஹெலனைப் பார்த்தாள்.

ஹெலன் கேமராவிடம் போனாள். அதே பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். காலியான இடத்துக்குப் பின்னால், ஒட்டினாற்போல, இன்னொரு இடம். அவசரக்காரன் கண்ணுக்குத் தெரியாத இடம். விரலால் அழுத்தினாள்.

இரண்டாவது கார்டு துள்ளி வந்தது!

"கல்யாணத்துக்கு எடுக்கறவங்க கேமரா சார் இது. ஒரு கார்டு கெட்டுப்போச்சுன்னு, தாலிய இன்னொரு தபா கட்டச் சொல்ல முடியுமா? அதனால எது எடுத்தாலும் ரெண்டு கார்டுலயும் சேர்ந்து பதியற மாதிரிதான் அவரு வெச்சிருப்பாரு. கேமரா தெரிஞ்ச யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. அன்னைக்கும் நீங்க ஒண்ணைத்தான் எடுத்தீங்க. நீங்க குமிச்சு வெச்ச தோலு, அதுல உங்க மூணு, எல்லாம் இதுல அப்பிடியே இருக்குது, யாரு எழுதினதுன்னுதான் தெரியாம இருந்துச்சி. அந்தப் படத்தை அழிக்கத்தான் அவரைக் கொன்னீங்க. அது அழியவேயில்ல சார்."

ஜெயசீலன் காலடியில் கிடந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தான்.

பாரதி கார்டை வாங்கி உறையில் போட்டாள். பையைத் தரையிலிருந்து எடுத்துத் தூசு தட்டினாள். கேஸுக்கு இதுவும் வேண்டும், முடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றாள். ஹெலன் தலையை ஆட்டினாள். ஆபா பின்வாசலில் நின்று தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஆளு மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்துக்கணும்" என்று பாரதி போனைத் தடவினாள்.

"நான் எடுக்கறேன் மேடம்."

ஹெலன் புதுக் கார்டு ஒன்றைச் செருகினாள். ட்ரைபாடிலிருந்து கேமராவைக் கழற்றினாள். ஜான்சன் பிடிப்பதைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள், அதே மாதிரி இடது கையால் லென்ஸைத் தாங்கிக் கண்ணில் வைத்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வடக்கு ஜன்னல் பக்கம்!

கான்ஸ்டபிள் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

ஹெலன் சொன்னாள்.

"சார்... கேமராவைப் பாருங்க. இந்தத் தபா கடிக்கும்."